சுமையை எங்கே இறக்குவது? காற்றில்லாமல் பாக்டீரியாவை வைத்து அமினோ அமிலம் செய்யும் முழு வழிகாட்டி

பாளையங்கோட்டையில் கோழித் தீவனக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், ஒரு பிளாஸ்டிக் பையில் வெளிர் பழுப்புத் தூளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"சார்வாள், இது லைசின். நூறு கிலோ தீவனத்துக்குக் கால் கிலோ போடச் சொல்லுதாங்க. இதப் பாக்டீரியாதான் செய்யுதுன்னு கம்பெனிக்காரன் சொல்லுதான். மெய்தானா?"

"மெய்தான் அண்ணாச்சி."

"அவ்வளவு பெரிய டேங்குல அடைச்சுப் போட்டா மூச்சு முட்டிச் செத்துராதா?"

இதே கேள்வியைத் தேர்வில் கேட்டால் என் மாணவர்களில் பாதிப் பேர் 'செத்துவிடும்' என்று எழுதுவார்கள், மீதிப் பேர் 'சாகாது' என்று எழுதுவார்கள். இரண்டுக்கும் பாதி மதிப்பெண்தான் போடுவேன். அவர் கையிலிருந்த லைசின் ஒரு அமினோ அமிலம், அதாவது புரதத்தைக் கட்டும் செங்கற்களில் ஒன்று. அது ராட்சத அழுத்திகளால் காற்றை ஊதி ஊதித்தான் செய்யப்படுகிறது. ஆனால் அலனின், வாலின் என்ற வேறு அமினோ அமிலங்களைக் காற்றே இல்லாமல் செய்ய முடியும், அதுவும் நன்றாகவே. ஒன்றுக்குக் காற்று வேண்டும், இன்னொன்றுக்கு வேண்டாம் என்றால் அதற்கு என்ன காரணம்? அது புரிந்துவிட்டால் இந்தத் துறையில் முக்கால்வாசி புரிந்தமாதிரி. கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

ஒரு குழப்பத்தை மட்டும் முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். சர்க்கரையைத் தின்று அமினோ அமிலத்தை வெளியே தள்ளுவது ஒரு வேலை. அமினோ அமிலத்தையே தின்று நொதிப்பது வேறு வேலை; அதைச் செய்யும் கூட்டம் வேறு. அவர்கள் கடைசியில், கூப்பிடாமலே வருவார்கள்.

முதல் படி: சுமைக் கணக்கைப் போடுங்கள்

திருநெல்வேலிச் சீமையின் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர் பிறர் உதவியில்லாமல் சுமையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது நம் ஊர் வழக்கம்.

பாக்டீரியாவுக்குள்ளும் இப்படித் தலைச்சுமைக்காரர்கள் இருக்கிறார்கள். என்ஏடி என்பது அந்தச் சுமையாளின் பெயர். தலையில் சுமை ஏறிவிட்டால் என்ஏடிஎச் என்று அழைக்கிறோம். சுமை என்பது சர்க்கரையை உடைக்கும்போது கழன்று வரும் ஹைட்ரஜனும் எலக்ட்ரான்களும்.

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு உடைந்து பைருவேட் என்ற இரண்டு சம துண்டுகள் ஆகும்போது செல்லுக்கு இரண்டு ஏடிபி (செல்லின் சக்திக் காசு) லாபம், இரண்டு தலைச்சுமை பாரம். செல்லுக்குள் சுமையாட்கள் மிகக் குறைவு. சுமை ஏறியவர்கள் இறக்க இடமில்லாமல் நின்றுவிட்டால், அடுத்த குளுக்கோஸை உடைக்க வெறுந்தலையோடு ஆள் கிடையாது. உலை அணைந்துவிடும். மூச்சு முட்டுவது என்பது பாக்டீரியாவுக்கு இதுதான்.

ஆக்சிஜன் இருந்தால் அதுதான் சுமைதாங்கி. சும்மா இறக்கி வைப்பதுகூட இல்லை. பாபநாசத்தில் மேலிருந்து விழும் தாமிரபரணித் தண்ணீர் டர்பைனைச் சுற்றிவிட்டுப் போவதுபோல், எலக்ட்ரான்கள் ஆக்சிஜனை நோக்கி இறங்கும் வழியில் ஏடிபியையும் ஆக்கிவிட்டுப் போகின்றன. ஒரு குளுக்கோஸுக்கு இரண்டாக இருந்த ஏடிபி, பாடநூல் கணக்கில் முப்பதைத் தொடுகிறது.

ஆக்சிஜன் இல்லையென்றால் கையில் இருக்கும் பொருளின் மீதே சுமையை இறக்க வேண்டும். தயிரிலும் இட்லி மாவிலும் இருக்கும் லாக்டிக் பாக்டீரியா பைருவேட்டின் தலையிலேயே அதைப் போட்டு லாக்டிக் அமிலமாக்குகிறது. புளிப்பு அப்படி வந்ததுதான். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் பதநீர் கள்ளாகும்போது, ஈஸ்ட் பைருவேட்டை அசிட்டால்டிஹைடாக்கி, அதன்மேல் சுமையை இறக்குகிறது. அது சாராயச் சத்தாகிறது. லாக்டிக் அமிலம், ஆல்கஹால் எல்லாமே சுமை இறக்கிய கற்கள்தான்.

இப்போது நம் கேள்வி: அந்தக் கல் ஒரு அமினோ அமிலமாக இருக்க முடியுமா?

இரண்டாம் படி: எந்த அமினோ அமிலம் என்று முடிவு செய்யுங்கள்

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். பாக்டீரியாவை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு கணக்குப் பார்க்கிறார்கள். கணக்கு ஒத்துவராத அமினோ அமிலத்தை எந்த பாக்டீரியாவாலும் காற்றில்லாமல் நல்ல அளவில் தர முடியாது.

அலனினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பைருவேட், ஒரு அம்மோனியா, ஒரு சுமை சேர்ந்தால் ஒரு அலனின். குளுக்கோஸிலிருந்து வந்தது இரண்டு பைருவேட், இரண்டு சுமை. இரண்டு அலனின் செய்தால் இரண்டு சுமையும் இறங்கிவிட்டது. வரவும் செலவும் அச்சு அசலாக நேர். எடையில் பார்த்தால் இன்னும் அழகு: 180 கிராம் குளுக்கோஸிலிருந்து கணக்குப்படி 178 கிராம் அலனின் வரலாம். செல் தன் பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதால் நடைமுறையில் குறையும்.

வாலினும் நேராகும், ஆனால் ஒரு சிக்கலோடு. இரண்டு பைருவேட் சேர்ந்து ஒரு கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு ஒரு வாலின் ஆகிறது; வழியில் இரண்டு சுமை தேவை. எண்ணிக்கை சரி. ஆனால் அந்த இரண்டு இடத்திலும் இயற்கையான நொதிகள் என்ஏடிஎச்சைத் தொடாது. என்ஏடிபிஎச் என்ற வேறு சாதிச் சுமையாளைத்தான் கேட்கும். பணம் கையில் இருக்கிறது, ஆனால் கடைக்காரர் வேறு நாட்டு நோட்டு கேட்கிறார் என்ற கதை. ஜப்பானின் கியோட்டோ பக்கத்திலுள்ள ரைட் ஆய்வு நிறுவனத்தார் 2012-இல் இதற்கு ஒரு வழி செய்தார்கள்: ஒரு நொதியை என்ஏடிஎச் வாங்கிக்கொள்ளும்படி மாற்றினார்கள், இன்னொன்றுக்குப் பதிலாக என்ஏடிஎச் வாங்கும் லியூசின் டிஹைட்ரஜனேஸை வைத்தார்கள். அடுத்த ஆண்டே ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் 24 மணி நேரத்தில் லிட்டருக்குச் சுமார் 150 கிராம் வாலின் எடுத்துக் காட்டினார்கள்.

குளுட்டமேட், அதாவது அஜினோமோட்டோ, வேறு கதை. குளுக்கோஸிலிருந்து அதுவரை போகும் பாதையில் ஏறும் சுமைகள் அதிகம், இறங்கும் இடங்கள் குறைவு. கடைசியில் ஒரு குளுட்டமேட்டுக்கு மூன்று சுமை தலையிலேயே நிற்கும். அந்த மூன்றையும் இறக்க ஒன்றரை மூலக்கூறு ஆக்சிஜன் தேவை. காற்றை நிறுத்தினால் குளுட்டமேட் நின்று லாக்டிக் அமிலம் வரத் தொடங்கும். ஆலையில் காற்று அழுத்தி பழுதானால் முதலில் தெரிவதும் இதுதான்.

லைசினுக்குச் சிக்கல் இன்னும் பல. அது என்ஏடிபிஎச்சையும் ஏடிபியையும் அள்ளி விழுங்கும். அண்ணாச்சியின் பையிலிருந்தது ஏன் காற்றூதிச் செய்யப்பட்டது என்பதற்குப் பதில் இவ்வளவுதான்.

காற்றோடு செய்யவே வழி இருக்கும்போது காற்றில்லாமல் செய்ய ஏன் இந்தப் பாடு என்று கேட்கலாம். 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் ஏழரை மில்லிகிராம்தான். பசியோடு இருக்கும் கூட்டம் அதைச் சில நொடிகளில் தீர்த்துவிடும். எனவே இரவு பகலாக ஊத வேண்டும், கலக்க வேண்டும்; மூச்சுவிடும் செல்கள் கக்கும் வெப்பத்தைக் குளிர்நீர் ஓட்டி இறக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் அந்தக் குளிர்நீருக்கு ஆகும் கரண்ட் பில்லை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: பாக்டீரியா

கொரினிபாக்டீரியம் குளுட்டாமிகம். 1950-களின் நடுவில் ஜப்பானின் கியோவா ஹக்கோ நிறுவனத்தில் ஷுகுவோ கினோஷிதாவின் குழு, குளுட்டமேட் கக்கும் நுண்ணுயிரைத் தேடி மண்ணைச் சலித்தபோது அகப்பட்டது. டோக்கியோவின் யூயெனோ விலங்குக் காட்சிச்சாலையில் பறவை எச்சம் கலந்த மண்ணிலிருந்து எடுத்தது என்பார்கள். பறவை எச்சத்தில் கிடைத்த பூச்சி இன்று கோழிக்குத் தீனி செய்கிறது! இதைச் சொன்னபோது அண்ணாச்சி அரை நிமிடம் சிரித்தார்.

நோய் தராது, நகராது, வித்து உண்டாக்காது. நுண்ணோக்கியில் ஒரு முனை தடித்த குச்சிகளாக, பிரியும்போது 'வி' வடிவில் மடங்கி நிற்கும். வகைமாதிரி ரகத்துக்கு, ஏடிசிசி என்ற அமெரிக்கச் சேமிப்பகத்தில் 13032 என்று எண். சண்டிகரிலுள்ள எம்டிசிசி சேமிப்பகத்திலிருந்து கல்லூரிகள் கொரினிபாக்டீரிய ரகங்களை வாங்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மாற்றம் செய்யாத ரகத்தைக் காற்றில்லாமல் அடைத்தால் அமினோ அமிலம் கொட்டாது. லாக்டிக் அமிலம், சக்சினிக் அமிலம், அசிட்டிக் அமிலம், இந்த மூன்றுதான் வரும். அலனின் வேண்டுமானால் லாக்டிக் அமிலத்துக்கும் சக்சினிக் அமிலத்துக்கும் போகும் வழியை அடைத்து, அலனின் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதிக்கான மரபணுவை வேறு பாக்டீரியாவிலிருந்து கொண்டுவந்து வைத்த ரகம் வேண்டும். அப்படிப்பட்ட ரகத்தைக் கையாள உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி கட்டாயம். அனுமதி இல்லையா? மாற்றம் செய்யாத ரகத்தோடே கீழ்க்கண்ட எல்லாப் படிகளையும் செய்து, மூன்று அமிலங்களையும் அளந்து, சுமைக் கணக்கு நேராகிறதா என்று பாருங்கள். பாடம் அதே பாடம்தான்.

அலனினில் நம் குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியாவும் நல்ல கெட்டிக்காரன். அதன் மற்ற இறக்கும் வழிகளையெல்லாம் அடைத்துவிட்டு அலனின் வழியை மட்டும் திறந்து வைத்தால், அலனின் செய்யாமல் ஒரு செல்கூடப் பிளக்க முடியாது. பிறகு தலைமுறை தலைமுறையாக வளர்த்தால் வேகமாக அலனின் செய்பவைதான் வேகமாகப் பெருகும். நாம் கை கட்டி நின்றாலே ரகம் மேம்படும். அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இந்த உத்தி சீனாவில் ஆலை அளவுக்கு வந்துவிட்டது.

நான்காம் படி: முதலில் காற்றோடு வளர்த்துக்கொள்ளுங்கள்

காற்றில்லாமல் வேலை வாங்கத்தான் போகிறோம், ஆனால் ஆட்படையைக் காற்றோடுதான் வளர்க்க வேண்டும். இரண்டு ஏடிபியில் உடம்பு வளர்க்க இந்த பாக்டீரியாவால் எளிதில் ஆகாது.

தட்டில் வளர்த்த திட்டு ஒன்றை எடுத்து, 500 மில்லி கூம்புக் குடுவையில் 100 மில்லி செழிப்பான ஊட்டக் கரைசலில் போடுங்கள். குடுவையை நிரப்ப வேண்டாம்; காலி இடம்தான் காற்று. 30 டிகிரி, நிமிடத்துக்கு 200 சுற்று, ஒரு இரவு. சித்திரை மாதத்தில் செய்கிறவர்கள் கவனிக்க: ஷேக்கரில் ஹீட்டர் மட்டும் இருந்தால் போதாது. வெளியே 38 இருக்கும்போது உள்ளே 30 வர வேண்டுமானால் குளிரூட்டும் வசதி வேண்டும், இல்லையேல் ஏசி அறையில் வையுங்கள்.

காலையில் கரைசல் கலங்கி மஞ்சளாக நிற்கும். சென்ட்ரிஃப்யூஜில் 5000 ஜி, பத்து நிமிடம். அடியில் படிந்ததை உப்புக் கரைசலில் ஒருமுறை கழுவி, முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்கு அளவுக் கரைசலில் கலக்குங்கள். மோர்க்குழம்புப் பதத்துக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். இந்தக் கெட்டித்தனம்தான் ரகசியம். இனி இவை பெருகப் போவதில்லை. இருக்கும் செல்களே வேலை செய்ய வேண்டும். பெருகாததால் கொடுக்கும் சர்க்கரை உடம்பாக மாறாமல் பொருளாக மாறுகிறது என்பது உபரி லாபம்.

ஐந்தாம் படி: அடையுங்கள்

கண்ணாடிப் பாட்டில், தடித்த பியூட்டைல் ரப்பர் அடைப்பான், மேலே அலுமினிய வளையம். உள்ளே கெட்டிச் செல் கரைசல், லிட்டருக்கு 30 கிராம் வாக்கில் குளுக்கோஸ், அம்மோனியம் சல்பேட், சோடியம் பைகார்பனேட். மேல்வெளியில் நைட்ரஜன் ஊதிக் காற்றைத் துரத்திவிட்டு அடையுங்கள். நீரில் கரைந்து எஞ்சிய ஆக்சிஜனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இவ்வளவு செல்கள் சில நிமிடங்களில் அதைத் தின்றுவிடும். 30 முதல் 33 டிகிரியில், செல் அடியில் படியாத அளவுக்கு மெதுவாகக் கலக்குங்கள்.

காற்றில்லை என்று எப்படித் தெரியும்? ரெசாசுரின் என்ற சாயத்தில் ஒரு துளி. முதலில் நீலம், பிறகு இளஞ்சிவப்பு, ஆக்சிஜன் தீர்ந்ததும் நிறமின்மை. நான் முதன்முதலில் செய்தபோது வழக்கமான சிலிக்கோன் கார்க்கைப் போட்டு அடைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் பாட்டிலின் கழுத்தில் மெல்லிய இளஞ்சிவப்பு வளையம். சிலிக்கோன் வழியாக ஆக்சிஜன் கசியும் என்று புத்தகத்தில் படித்ததுதான். கண்ணால் பார்த்த பிறகுதான் உறைத்தது.

ஆய்வகம் இல்லாதவர்கள் வீட்டிலேயே இதன் சாயலைப் பார்க்கலாம். வண்ணமீன் கடையில் மெத்திலீன் நீலம் கிடைக்கும். காய்ச்சாத பால் ஒரு கண்ணாடிக் குழாயில், அதில் வெளிர் நீலம் வருமளவு ஒரு சொட்டு, மூடி வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். பாலிலுள்ள பாக்டீரியா ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு, மீந்த சுமையைச் சாயத்தின் தலையில் இறக்கும், நீலம் வெளுக்கும். குலுக்கினால் காற்றுப் பட்டு நீலம் திரும்பும். பால் பண்ணைகளில் பாலின் தரம் பார்க்க இதே சோதனைதான்: அரை மணியில் வெளுத்தால் மோசமான பால், பல மணி நேரம் நின்றால் நல்ல பால். சோதித்த பாலைக் குடிக்காதீர்கள்.

ஆறாம் படி: புளிப்பை அடக்குங்கள்

அமிலம் ஏற ஏற வேலை நின்றுபோகும். காற்றில்லாத நிலையில் இந்த பாக்டீரியாவுக்குப் புளிப்பைத் தாங்கும் சக்தி குறைவு. பிஎச் 7-லிருந்து 7.5-க்குள் நிறுத்த வேண்டும். ஆலையில் அம்மோனியா நீரைச் சொட்டுவிடுகிறார்கள். அது காரமாகவும் இருக்கும், அமினோ அமிலத்துக்கான நைட்ரஜனாகவும் இருக்கும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பாட்டிலில் செய்கிறவர்களுக்குக் கால்சியம் கார்பனேட் தூள் போதும். பைகார்பனேட்டைத் தவறவிடாதீர்கள்: சக்சினிக் அமிலத்துக்குப் போகும் வழியில் கார்பன் டை ஆக்சைடு ஒரு மூலப்பொருள்.

'காற்றில்லாமல் வளரவே வளராது' என்று நான் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அது முழு உண்மையில்லை. குளுக்கோஸோடு ட்ரிப்டோன் என்னும் புரதச் சிதைவுத் தூளையும் சேர்த்து, பிஎச்சைப் பிடித்துவைத்து, கார்பன் டை ஆக்சைடும் கொடுத்தால் ஓரளவு நன்றாகவே வளர்கிறது என்று 2015-இல் ஜெர்மானிய ஆய்வொன்று காட்டியது. ட்ரிப்டோனில் இருப்பவை அமினோ அமிலங்கள். அவற்றைத் தானே செய்யச் செலவாகும் ஏடிபி மிச்சமாவதுதான் அதன் ரகசியம். இரண்டு ஏடிபிக் குடும்பத்துக்குச் சமைத்த சாப்பாடு வாசலுக்கே வந்தால் வளராமல் என்ன செய்யும்?

இன்னொரு சுமைதாங்கியும் உண்டு: நைட்ரேட். 2007-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்த பாக்டீரியா ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரேட்டின்மேல் சுமையை இறக்கி வளர்வதையும், அப்படியே லைசினும் ஆர்ஜினினும் செய்ய வைக்கலாம் என்பதையும் காட்டினார்கள். அருவி சற்றுத் தாழ்வானது, ஆனாலும் டர்பைன் சுற்றுகிறது. குறை என்னவென்றால் நைட்ரேட் நைட்ரைட்டாகி அங்கேயே தேங்கும். நைட்ரைட் விஷம், வளர்ச்சி முடங்கும். அதனால் பாட்டிலில் முயல்கிறவர்கள் நைட்ரேட்டை ஒரேயடியாகக் கொட்டாமல் சிறிது சிறிதாகக் கொடுங்கள். ஆலைக்குப் போகும் அளவுக்கு இந்த வழி தேறும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏழாம் படி: பார்த்து எடுங்கள்

நான்கு மணிக்கொருமுறை ஊசியால் ஒரு மில்லி எடுத்து, செல்லை நீக்கி, தெளிந்ததைச் சோதியுங்கள். அலனின் வந்திருக்கிறதா என்று பார்க்கக் காகித வண்ணப்பிரிகை போதும்: பியூட்டனால், அசிட்டிக் அமிலம், தண்ணீர் 4:1:1. காய்ந்த காகிதத்தில், அமினோ அமிலத்தோடு சேர்ந்தால் நிறம் காட்டும் நின்ஹைட்ரினைத் தெளித்துச் சூடுகாட்டினால் ஊதாப் புள்ளி. பக்கத்திலேயே சுத்தமான அலனின் புள்ளியும் வைத்திருங்கள். செல் ஒன்றும் போடாத வெறும் கரைசலையும் ஒரு புள்ளி வையுங்கள். மறந்தால் உங்கள் விரல் வியர்வையின் அமினோ அமிலத்தைக் கண்டு பூரித்துப்போவீர்கள். கையுறை போடச் சொல்வது அதற்குத்தான்.

பிரித்தெடுப்பதை ஆலைக்காரர்களுக்கு விட்டுவிடுகிறேன், ஒரு விவரம் தவிர. குளுட்டாமிக் அமிலத்தைப் பிஎச் 3.2-க்குக் கொண்டுவந்து குளிரவைத்தால் தானே படிகமாகும். அலனின் தண்ணீரில் நன்றாகக் கரையும் என்பதால் சுண்டவைத்துத்தான் படிகமாக்க வேண்டும். லைசினை ஹைட்ரோகுளோரைடு உப்பாக்குவார்கள். அண்ணாச்சியின் மூட்டையில் 98.5 சதவீதம் என்றும், கீழே லைசின் 78.8 சதவீதம் என்றும் அச்சிட்டிருந்தார்கள். "ரெண்டுல எது பொய்?" என்று கேட்டார். இரண்டும் மெய்தான், மீதி, உப்பிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் எடை.

வேலை முடிந்ததும் பாட்டில்களை அன்றே ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 15 நிமிடம் வையுங்கள். வெள்ளிக்கிழமை அப்படியே வைத்துவிட்டுப் போனால் கூப்பிடாத கூட்டம் வந்துவிடும் என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? அது கிளாஸ்டிரிடியம் வகையறா. 1934-இல் ஸ்டிக்லாண்ட் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்த வித்தை அவற்றுக்குத் தெரியும்: ஒரு அலனினை உடைத்து வரும் சுமையை இரண்டு கிளைசினின் தலையில் இறக்கிவிடும். சுமை வருவதும் அமினோ அமிலத்திலிருந்து, இறங்கும் கல்லும் அமினோ அமிலம். மீதமாவது அசிட்டிக் அமிலமும் அம்மோனியாவும். லைசின் இருந்தால் கார்பன் டை ஆக்சைடைக் கழற்றிக் கடாவரின் என்ற நாற்றப் பொருளாக்கும் பாக்டீரியாக்களும் கூடவே சேர்ந்துகொள்ளும். திங்கட்கிழமை காலை மூடியைத் திறக்கும்போது, நனைந்துபோன கருவாட்டு மூட்டையைப் பிரித்த வாடை மாடிப்படி வரை இறங்கும்.